துலுக்கானத்தின் இரண்டு பேட்டரி

ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு என் வீட்டுக்காரர் துலுக்கானம் சத்தியம் செய்தார். இனி கிட்டாரைத் தொடுவதில்லை. நாற்பது நாள் தாங்கியது.

சத்தியத்துக்குக் காரணம் உண்டு. அவர் திருமழிசையில் பம்பு கம்பெனியில் வேலை பார்ப்பவர். லீவு நாளில் இஸ்மாயில் பாயின் கச்சேரிக் குழுவில் பேஸ் கிட்டார் வாசிப்பார். பருத்திப்பட்டு திருவிழாவில் பாதிப் பாட்டில் கிட்டாரோடு மேடையில் சரிந்தார். துலுக்கானம் ஆடுகிறார் என்று நினைத்துக் கூட்டம் விசிலடித்தது. ஒன்ஸ்மோர் கூடக் கேட்டார்கள்.

நெஞ்சுத் தோலுக்கு அடியில் பேஸ்மேக்கர் வைத்தார்கள். அது ஓடுவது பேட்டரியில். காந்தம் எதையும் நெஞ்சருகே கொண்டுபோகக் கூடாது என்றார் டாக்டர். வீட்டுக்கு வந்ததும் பிரிட்ஜில் ஒட்டியிருந்த பொம்மைகளைக்கூடப் பிய்த்துக் குப்பையில் போட்டேன். அவர் தூங்கும்போது நெஞ்சில் காது வைத்துக் கேட்பது என் வேலையாகிவிட்டது. ஒரு நொடி தாமதமாகக் கேட்டாலும் அவரை உலுக்கி எழுப்பிவிடுவேன்.

மார்கழி பிறந்த அன்று பாயிடமிருந்து ஒரு புது கிட்டாரை வாங்கிக்கொண்டு வந்து நின்றார். தை பிறந்ததும் நசரத்பேட்டையில் ஒரு ரிசப்ஷனாம்.

"பழசு பாசிவ், பேபி. கம்பிக்கு அடில கீற காந்தம் பெரிசு. ஓங்கி அடிச்சாத்தான் சத்தம். எனுக்கு ஆவாது, ஒத்துக்கறேன். இது ஆக்டிவ். காந்தம் சின்னது. உள்ள பேட்டரி கீது. தொட்டா போதும், மீதிய அது பாத்துக்கும்."

நான் ஏழாவதோடு நின்றவள். அதனால் எல்லாவற்றையும் இரண்டு தடவை கேட்டுக்கொள்வேன். பேட்டரி எப்போது தீரும் என்று கேட்டேன். பெண்டாட்டிக்கு ஆர்வம் வந்துவிட்டது என்று அவருக்கு ஒரே சந்தோஷம். கிட்டாரைத் திருப்பி ஓட்டையைக் காட்டினார். வயரை இதில் சொருகினாலே பேட்டரி ஓட ஆரம்பித்துவிடும், மறுமுனை சும்மா தொங்கினாலும் சரி, வாசித்து முடித்ததும் உருவிவிட வேண்டும் என்றார்.

மனதில் வைத்துக்கொண்டேன்.

மார்கழியில் கல்யாணம் கிடையாது. கிட்டார் பையில் தூங்கியது. அவர் வேலைக்குக் கிளம்பியதும் வயரைச் சொருகுவேன். வருவதற்குள் உருவுவேன். அவர் படுத்ததும் மறுபடி சொருகுவேன். மாதம் முழுக்கக் கோலம் தவறினாலும் இது தவறவில்லை. சத்தத்தைப் பெரிதாக்கும் பெட்டி பாய் வீட்டில் இருந்ததால் அவருக்குச் சோதித்துப் பார்க்க வழியில்லை.

ரிசப்ஷன் அன்று இஸ்திரி போட்ட சட்டையில் போனார். மூன்று மணி நேரம் நிற்க வேண்டும். ஏழரைக்கே திரும்பி வந்துவிட்டார். கஞ்சி தயாராக இருந்தது.

"ரெண்டாவது பாட்டுல கொரகொரன்னுச்சு. அப்பால செத்துப்பூட்ச்சு."

"பேட்டரியா?"

சாப்பிடப் போனவர் கையை எடுத்துவிட்டார்.

"உனுக்கு எப்டி தெரியும்?"

"நீதானய்யா சொல்லிக் குடுத்த."

அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். கஞ்சியைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"அது கூட பரவால்ல. நாலு பாட்டு சத்தமே இல்லாம வாசிச்சேன். ஒருத்தனும் கவனிக்கல. பாயே கவனிக்கல."

கஞ்சியில் இன்னும் ஒரு கரண்டி ஊற்றினேன். அவர் நிமிர்ந்தார். ஏதோ கண்டுபிடித்துவிட்ட முகம்.

"அடுத்த வாரம் பரண்லேர்ந்து பழச எறக்கறேன். அதுல பேட்டரியே கெடியாது. இன்னா பண்ணுவே?"

"காந்தம் பெரிசு, எனுக்கு ஆவாதுன்னு யாரு சொன்னது? வா, டாக்டராண்ட அதையே சொல்லு. அவரு சரின்னா நானே ஏணி போட்டு எறக்கறேன்."

கஞ்சியைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டார்.

"அப்ப நான் எதத்தான் வாசிக்கறது?"

"புதுசத்தான். ஒக்காந்துகினு வாசி. வயரு இல்லாம."

இப்போது தினமும் சாயங்காலம் கூடத்தில் உட்கார்ந்து வாசிக்கிறார். நான் பக்கத்தில் கீரை ஆய்கிறேன். இரண்டடி தள்ளினால் ஒன்றும் கேட்காது. பக்கத்து வீட்டுக் கஸ்தூரி, அண்ணாத்தே வாசிப்பதை விட்டுவிட்டாரா என்று விசாரிக்கிறாள்.

அவர் என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்கிறார், வயர் எங்கே என்று. அரிசி டிரம்மின் அடியில் இருக்கிறது. இந்த வீட்டில் அரிசி அளப்பது நான் ஒருத்திதான்.