வெளியே சிஸ்டரும் மாடி ஏறிய எருமையும்

சேலையூரில் எத்தனை அம்மாக்கள் உண்டோ அத்தனை பேரையும் கதவுக்கு வெளியே நிற்க வைத்த ஒரே மனுஷி எங்கள் வெளியே சிஸ்டர்தான். சொந்தப் பெயர் என்னவோ இருந்தது. யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

கேம்ப் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிற சின்ன அரசு ஆஸ்பத்திரி அது. நான் வாட்ச்மேன். டாக்டரைப் பார்க்குமுன் எல்லோரும் சிஸ்டரைத் தாண்ட வேண்டும். பள்ளிக்கூட, காலேஜ் பிள்ளைகள் எதற்காக வந்தாலும் சரி, தூக்கம் வருதா, சாப்பாடு இறங்குதா, மனசுவிட்டுப் பேச ஆள் இருக்கா, உயிரோடு இருக்கவே பிடிக்காமல் போனதுண்டா என்று மெதுவாகக் கேட்பார். ஆனால் பெற்றவர்கள் பக்கத்தில் இருந்தால் வாயே திறக்கமாட்டார். பின்னே? நம் ஊரில் பிள்ளையைக் கேட்டால் அம்மாதானே பதில் சொல்வாள்!

"தம்பி, நல்லா தூங்குறியா?"

"இடி வுழுந்தாகூட எந்திரிக்க மாட்டான் சிஸ்டர்."

"அம்மா, நீங்க வெளியே."

ஒரு தாய் என்னிடம் எகிறினாள். "நாய் கடிச்சது கால்ல. தூக்கத்த எதுக்கு கேக்குது? பேஜாரா கீதே!"

"அந்த நாய் வந்திருந்தா அதையும் தனியா கூப்ட்டு கேட்டிருக்கும்மா," என்றேன்.

வெளியே வந்தவர்கள் சும்மா இருப்பார்களா? கதவில் காதை ஒட்டிவிடுவார்கள். அவர்களை நகர்த்துவது என் பொறுப்பாயிற்று. "அண்ணா, எருமைய அவுத்து வுடுங்க," என்று உள்ளிருந்து குரல் வரும்.

எருமை என்பது என் கதை. ஒரு பெருமழையில் ஏரித் தண்ணீர் எங்கள் தெருவுக்குள் வந்தபோது, ஒரு எருமை படியேறி மொட்டைமாடிக்குப் போய்விட்டது. ஏறத் தெரிந்ததற்கு இறங்கத் தெரியவில்லை. நான் சொன்னால் அது மூன்றாம் படி ஏறுவதற்குள் கேட்கிறவர் பஸ் பிடித்துப் போய்விடுவார். என் பெண்சாதி போனபிறகு வீட்டில் கேட்க ஆளில்லை, சுவர்தான். நான் வாயைத் திறந்தால் ஊருக்கே அவசரம் வந்துவிடும். கதவில் ஒட்டிய காதுகளை என் பக்கம் இழுக்க இந்த வாய்க்கும் ஒரு வேலை கொடுத்தவர் சிஸ்டர்.

ஒருநாள் ஒரு பெண் வந்தது. காட்டாங்குளத்தூரில் படிப்பு. ஓயாத வயிற்றுவலி. கூட அப்பா, பள்ளிக்கூட வாத்தியார்.

"நானே சொல்றேன் சிஸ்டர். அவளுக்கு ஒண்ணுமில்ல, காலேஜ் போகப் பயம்."

"சார், வெளியே."

"அவ என் பொண்ணு!"

"அதுக்குத்தான் சார்."

முறைத்துக்கொண்டு வந்தவர் கதவுப் பிடியை விடவில்லை. அவர் உள்ளே போனால் அந்தப் பெண் வாயைத் திறக்காது.

"சார், ஒரு எருமை மாடி ஏறிச்சு. எறங்கவே இல்ல."

பிடியிலிருந்து கை நழுவியது. என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். "எறங்கலையா?"

அவ்வளவுதான். மழையைச் சொன்னேன், ஏரியைச் சொன்னேன், மாடிவீட்டுக்காரர் கல்யாணத்தையும் சேர்த்துச் சொன்னேன். நடுவில் உள்ளே அழுகைச் சத்தம். அவர் எழுந்தார். கையைப் பிடித்தேன். "உக்காருங்க சார். இப்பதான் பேச ஆரம்பிச்சிருக்குது." அவர் உட்கார்ந்தார்.

கதவு திறந்தது. "அவ சரின்னு சொன்னப்புறம்தான் கூப்புடுறேன். உள்ள வாங்க சார்." சிஸ்டர் வாயிலிருந்து 'உள்ள' என்ற சொல்லை அன்றுதான் கேட்டேன்.

உயிரோடு இருக்கவே பிடிக்கவில்லை என்று அந்தப் பெண் சொன்னதாம். வாத்தியார் வெளியே வந்தபோது மகளின் செருப்பைக் குனிந்து எடுத்து அவள் காலருகே வைத்தார். டாக்டர் அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். இப்போது அந்தப் பெண் காலேஜுக்குப் போகிறது. பஸ் ஜன்னலிலிருந்து எனக்குக் கை காட்டும்.

போன மாதம் சிஸ்டருக்குக் குன்றத்தூர் பக்கம் மாற்றல். கிளம்புகிற அன்று என் பக்கத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்தார்.

"அண்ணா, கதவு வழியா பாதிப் பாதியாத்தான் கேட்டிருக்கேன். அந்த எருமைய எப்பிடித்தான் எறக்குனாங்க?"

"நீங்கதான் முடிக்கறதுக்குள்ள கதவத் தொறந்துடுறீங்களே! இன்னொரு நாள் வந்து கேளுங்க சிஸ்டர்," என்றேன்.

சிரித்தார். பஸ் வந்தது, ஏறிப் போய்விட்டார்.

இப்போது அம்மாக்கள் எல்லோரும் உள்ளேயே உட்கார்ந்து பதில் சொல்கிறார்கள். என் பக்கத்து நாற்காலி காலி. நேற்றுகூட ஒருத்தர் முடிவைக் கேட்டார், நான் சொல்லவில்லை. சிஸ்டர் வரும்வரை எருமை மாடியிலேயே நிற்கட்டும்.