ஐந்து பக்க நாடும் ஆறாவது தாளும்

நாலு மணிக்குள் மனைவியிடம் ஒரு கையெழுத்து வாங்கியே தீருவது என்று புவியியல் வாத்தியார் முடிவெடுத்தார். இருபத்திரண்டு வருடக் குடித்தனத்தில் அவர் தன்னந்தனியாக எடுத்த முதல் முடிவு அது.

விஷயம் இதுதான். கடல் தாண்டியிருக்கும் ஒரு மலைநாட்டுக்குக் கல்வி அலுவலகம் ஓர் ஆசிரியரை ஒரு மாதம் அனுப்புகிறது. காலையில் நேர்முகத் தேர்வு. வாத்தியார் தேறிவிட்டார். பூரித்துப்போய் எழுந்தவரிடம் ஒரு படிவத்தை நீட்டினார்கள்.

"வீட்டம்மாவோட சம்மதக் கையெழுத்து சார். உங்க கட்டுரையோட சேர்த்து நாலு மணிக்குள்ள கொடுத்துடுங்க. இல்லேன்னா அடுத்தவருக்குப் போயிடும்."

வாத்தியாருக்குக் காலடியில் பூமி நழுவியது. பூமியைப் பற்றிப் பாடம் நடத்துகிறவருக்கே!

வீட்டில் அவர் பல் பிடுங்கப் போவதாகத்தான் சொல்லியிருந்தார். சுண்ணாம்புக் கட்டியாலேயே உலகத்தை ஐம்பது முறை சுற்றி வந்தவர் அவர். எல்லை தாண்டியது மட்டும் இல்லை, வீட்டிலும் சரி, வெளியிலும் சரி. யாரும் திருத்தாத ஒரு மாதம் வேண்டும். அவ்வளவுதான் ஆசை.

காரணம் உண்டு. மனைவிக்கு அச்சகத்தில் பிழை திருத்தும் வேலை. ஊரில் எல்லோரும் பிழைத்தால் போதும் என்று இருக்க, அவளுக்கு மட்டும் பிழையே பிழைப்பு. எதையும் படிக்காமல் கையெழுத்துப் போடமாட்டாள். கல்யாணப் பதிவேட்டிலேயே இரண்டு பிழை கண்டுபிடித்தவள். மூன்றாவது பிழை மாப்பிள்ளைதான் என்று இன்றும் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

பேருந்தில் வரும்போதே வாத்தியார் திட்டம் போட்டார். எந்தத் தாளைத் திருத்தினாலும் அடியில் கையெழுத்துப் போடுவது அவள் வழக்கம். கட்டுரை ஐந்து பக்கம். படிவம் அதைவிட இரண்டு விரற்கடை நீளம். ஆறாவது தாளாக அடியில் சொருகினால், கையெழுத்துக் கோடு மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். படிவத்தில் இருந்த இரண்டு கட்டங்களில் 'தனியாகச் செல்ல' என்பதில் பேனாவால் ஒரு குறி போட்டார். சொருகினார். கிளிப் மாட்டினார்.

சாப்பாட்டு மேசையில் மனைவி அச்சுத் தாள்களோடு உட்கார்ந்திருந்தாள்.

"பல்லு என்னாச்சு?"

"இன்னும் கொஞ்ச நாள் இருக்கட்டும்னு டாக்டர் சொல்லிட்டார்."

"பல்லையா, உங்களையா?"

வாத்தியார் சிரித்து வைத்தார். "ஒரு கட்டுரை. ஒரு நாட்டை அஞ்சு கோணத்துல பார்க்கிறது. பள்ளிக்கூடத்துல இன்னிக்கே கொடுக்கணும். கொஞ்சம் பார்த்துக் கொடேன்."

மணி இரண்டரை. அவள் கண்ணாடியை மாட்டினாள். சிவப்புப் பேனா திறந்தது.

"முதல்ல அமைவிடம். 'இந்நாடு நமக்கு வடகிழக்கே, கடலுக்கு அப்பால் உள்ளது.' எவ்வளவு தூரம்?"

"பிளேன்ல அஞ்சு மணி நேரம்."

"டிக்கெட் வரைக்கும் விசாரிச்சாச்சு போல."

"பாடத்துக்குத்தான்!" குரல் கீச்சிட்டது. அவள் கையெழுத்துப் போட்டாள். ஒன்று முடிந்தது.

"ரெண்டாவது, இடத்தின் தன்மை. 'மலைகள் அமைதியானவை.' மலை எங்கேயாவது சத்தம் போடுமா? இந்தப் பக்கத்துல மட்டும் 'அமைதி' ஏழு தடவை வருது. அங்கே யாரும் பேசவே மாட்டாங்களா?"

"கம்மியாப் பேசுவாங்க."

"கல்யாணம் ஆகாதவங்களா?"

மூன்றாவது பக்கம் மனிதரும் சுற்றுச்சூழலும். அவள் உரக்கப் படித்தாள். "'மனிதன் தன் சூழலை மாற்றுகிறான், முடியாதபோது தன்னை மாற்றிக்கொள்கிறான்.'" கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தாள். "சொந்த அனுபவமா?"

"மலைச்சரிவுல படிப்படியா வயல் வெட்டுறாங்களே, அதைச் சொல்றேன்."

மூன்று பத்து. வாத்தியார் கடிகாரத்தைப் பார்த்தார். அவள் வாத்தியாரைப் பார்த்தாள்.

"நகர்வு. 'மக்கள் ஏன் ஓர் இடத்தை விட்டு இன்னோர் இடத்துக்குப் போகிறார்கள்?' நீங்களே சொல்லுங்க, ஏன்?"

"வேலை... வறட்சி..."

"இங்கே 'தப்பித்தல்'னு எழுதி அடிச்சிருக்கீங்களே?"

"அது பிழை."

"நீங்களே திருத்திக்கிட்டீங்களா! உடம்புக்கு ஒண்ணுமில்லையே?"

ஐந்தாவது பக்கம், வட்டாரம். "ஒண்ணோட ஒண்ணு ஒத்துப்போறதெல்லாம் ஒரே வட்டாரம். அப்படித்தானே?"

"ஆமா."

"அப்ப நீங்களும் நானும்?"

"ஒரே... வட்டாரம்தான்."

அவள் தலை குனிந்து கடைசி வரிக்கு வந்தாள். 'பனியை வாழ்நாளில் ஒரு தரமாவது கையால் தொட்டுப் பார்க்க வேண்டும்.' பேனா அந்த வரிமேல் வெகுநேரம் நின்றது. "இதுல பிழை இல்லை," என்றாள் மெதுவாக. வாத்தியாருக்கு நெஞ்சில் ஏதோ குத்தியது. சொல்லிவிடலாமா? வாய் திறந்தார். மணி மூன்று இருபத்தைந்து. வாயை மூடிக்கொண்டார்.

"அடியில இன்னொரு தாள் இருக்கு?"

"அது... வெறும் தாள். கணக்குக்கு ஒரு கையெழுத்து."

அவள் பேனாவை உதறினாள். "மை தீர்ந்துபோச்சு. உள்ளே இழுப்பறையில புதுசு இருக்கும், எடுத்துட்டு வாங்க."

வாத்தியார் பாய்ந்தார். முதல் இழுப்பறையில் பேனா இல்லை. இரண்டாவதில் நூல்கண்டு. மூன்றாவது திறக்கவே மாட்டேன் என்றது. ஆத்திரத்தில் இழுத்தார், இழுப்பறை மொத்தமாகக் கையோடு வந்தது. பேனாவோடு திரும்பினால், மனைவி தாள்களை அடுக்கி நீட்டிக்கொண்டிருந்தாள்.

"மை திரும்ப வந்துடுச்சு. போட்டுட்டேன். நேரமாச்சே, ஓடுங்க."

கோட்டின்மேல் கையெழுத்து பளிச்சென்று இருந்தது. 'பிழைத்தோம்!' என்று வாத்தியார் ஓடினார். பேருந்து போய்விட்டது. நடந்தார். நடை ஓட்டமாயிற்று. அலுவலகக் கடிகாரம் மூன்று ஐம்பத்தெட்டைக் காட்டும்போது எழுத்தரின் மேசையைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார்.

எழுத்தர் கிளிப்பைக் கழற்றிப் படிவத்தைப் புரட்டினார். முகம் மலர்ந்தது. முத்திரையைப் பொத்தென்று குத்தினார்.

"ரொம்ப சந்தோஷம் சார். ஜோடியாப் போறதுதான் அழகு."

வாத்தியார் எட்டிப் பார்த்தார். 'தனியாகச் செல்ல' என்பதன் குறுக்கே சிவப்புக் கோடு. ஓரத்தில் 'நீக்குக' என்று அச்சகத்துச் சுழி. கீழே 'துணைவருடன் செல்ல' என்ற கட்டத்தில் கொழுகொழுவென்று ஒரு குறி.

"இந்த... ரெண்டாவது கட்டம்..."

"உங்க வீட்டம்மா யோசனைதான் சார்! படிவம் அவங்க அச்சகத்துலதானே அடிச்சோம். 'தனியாக'ன்னு மட்டும் இருந்தா வாக்கியம் முழுமையாகலைன்னு பிடிவாதமாச் சேர்க்கச் சொன்னாங்க."

"எப்போ?"

"போன மாசம். விண்ணப்பம் போட்டவங்க பட்டியலும் அங்கேதானே அடிச்சோம், உங்க பேரை அதுல பார்த்தாங்களாம்." எழுத்தர் கோப்பைப் புரட்டிவிட்டு நிமிர்ந்தார். "அவங்க பாஸ்போர்ட் நகலை அன்னிக்கே கொடுத்துட்டாங்க சார். உங்களோடதுதான் இன்னும் வரலை."