நடுவில் நிற்கிறார் கிளாக்கர் ஏழுமலை

இரண்டு பேர் பேசிக்கொண்டிருக்கும் இடத்துக்கு, யாரும் கூப்பிடாமலே வந்து, இருவருக்கும் நடுவில் சரியாக அரை அடி இடம் கண்டுபிடித்து நின்றுகொண்டு, இவர் சொன்னதை அவருக்கும் அவர் சொன்னதை இவருக்கும் எடுத்துச் சொல்கிற ஓர் இனம் உண்டு. நீங்கள் பார்த்திருப்பீர்கள். கலியாணப் பேச்சில் இருப்பார்கள், காணித் தகராறில் இருப்பார்கள், டாக்டருக்கும் நோயாளிக்கும் நடுவில்கூட இருப்பார்கள். கெட்டவர்கள் இல்லை. சண்டை அவர்களுக்கு ஆகாது, அவ்வளவுதான். அதனால் எந்தப் பேச்சையும் வந்தபடி அனுப்பமாட்டார்கள். கொஞ்சம் சீனி போட்டுத்தான் அனுப்புவார்கள்.

எங்கள் பக்கத்தில் அந்த இனத்துக்குத் தலைவர் கிளாக்கர் ஏழுமலை. இலங்கையில் கரவனெல்லைக்கு மேலே உள்ள இறப்பர் தோட்டத்தின் ஒபீசில் எழுத்தராக இருந்து, இருபது வருஷமாகத் துரைமார் சொன்னதைத் தொழிலாளிக்கும், தொழிலாளி சொன்னதைத் துரைமாருக்கும் சொல்லிச் சொல்லியே தலை நரைத்தவர். 1998இல் நியூசிலாந்திலிருந்து கெவின் என்ற இளைஞர் தோட்டப் பள்ளிக்கூடத்தில் ஒரு வருஷம் ஆங்கிலம் படிப்பிக்க வந்தபோது, ஏழுமலைக்கு வாழ்வு வந்தது.

எல்லோரும் 'சேர்' என்று கூப்பிட்ட கெவின் வாரத்தில் ஐந்து நாள் வாத்தியார். சனிக்கிழமை கேகாலையில் றக்பி ஆட்டக்காரர். பார்மசி நிலாம், இரண்டு பேங்க்காரர்கள், ஒரு பொலிஸ்காரர் என்று ஆசைக்குச் சேர்ந்த அணி அது. காலையில் நிமிர்ந்து பஸ் ஏறுவார். மாலையில் நொண்டிக்கொண்டு இறங்குவார். ஒரு திங்கட்கிழமை அவர் கண் வீங்கி வந்து நிற்க, சேருக்கு என்ன ஆச்சு என்று பெற்றோர் சிலர் விசாரித்தார்கள். இரத்தினபுரிக்காரன் ஒருவன் முழங்கையால் இடித்துவிட்டதாகவும், அருமையான ஆட்டம் என்றும், அடுத்த மாதம் அதைத் திருப்பிக் கொடுக்கப்போவதாகவும் கெவின் சந்தோஷமாகச் சொன்னார். ஏழுமலை திரும்பி, "படியில தடுக்கி விழுந்துட்டாராம்" என்றார். பிள்ளைகளுக்குப் பாடம் சொல்கிறவர் அடிபிடிக்குப் போய் வந்தார் என்று எப்படிச் சொல்வது?

அதிபர் பிரேமலதா டீச்சருக்கும் ஆங்கிலம் வரும். ஆனால் அவர் வாயைத் திறப்பதற்குள் ஏழுமலை முடித்துவிடுவார்.

கெவின் பந்தை வகுப்புக்கும் கொண்டுவந்தார். பந்தைப் பிடிக்கிற பிள்ளை ஆங்கிலத்தில் ஒரு வசனம் சொல்ல வேண்டும். சொன்ன பிறகுதான் பின்னால் வருகிற பிள்ளைக்கு எறியலாம். வெள்ளிக்கிழமை மட்டும் நடந்த இந்தப் பாடம் பிள்ளைகளுக்குப் பிடித்திருந்தது. இறப்பர் பால் வெட்டும் மூக்காயிக்குப் பிடிக்கவில்லை. அவருடைய மகள் நிரோஷா டிசம்பரில் சாதாரண தரப் பரீட்சை எழுத வேண்டும்; அந்தக் குடும்பத்தில் பரீட்சை வரைக்கும் வந்த முதல் பிள்ளை. டீச்சர் வேறு வேலையாக வெளியே போயிருந்த நாளில் நடந்த பெற்றோர் கூட்டத்தில் மூக்காயி எழுந்து, பந்து விளையாடியது போதும், புத்தகத்தை எடுக்கச் சொல்லுங்கள் என்றார்.

ஏழுமலை தொண்டையைச் செருமிக்கொண்டு, இந்தத் தாய் உங்கள் முறையைக் கண்டு மிகவும் மகிழ்கிறார் என்று ஆங்கிலத்தில் சொன்னார்.

கெவினின் முகம் மலர்ந்தது. ஆனாலும் அவருக்கு ஒரு கவலை இருந்தது. நிரோஷா வாயே திறப்பதில்லை, எல்லாவற்றையும் பக்கத்துப் பிள்ளையைப் பார்த்து எழுதுகிறாள், இப்படியே போனால் பெயில் என்றார். ஏழுமலை மூக்காயியிடம் திரும்பினார். "ஒங்க மக அடக்கமான புள்ளையாம். பக்கத்துப் புள்ளையோட ரொம்ப ஒத்துமையா இருக்காளாம்."

தாயும் வாத்தியாரும் ஒருவரையொருவர் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டார்கள். அடுத்த வாரத்திலிருந்து பந்து வாரத்தில் மூன்று நாள்.

இரண்டாம் தவணைச் சோதனையில் நிரோஷாவுக்கு ஆங்கிலத்தில் நூற்றுக்குப் பதினேழு புள்ளி. அதைக் கேள்விப்பட்ட மூக்காயி, மலையிலிருந்து இறங்கிய கையோடு, பால் வாளியைக்கூட வைக்காமல் பள்ளிக்கூடத்துக்குப் போனார். ஏழுமலை அப்போது ஒபீசில். நடுவில் யாரும் இல்லை. தேவையும் இல்லை என்று கெவின் நினைத்தார். அதற்குள் அவருக்குத் தமிழ் வந்திருந்தது. எங்கிருந்து வந்தது என்பதில்தான் வில்லங்கம். மைதானத்தில் பந்துக்காகப் பிள்ளைகள் ஒருவரையொருவர் கத்திக் கூப்பிடுவதைக் கேட்டுப் பழகிய தமிழ் அது. அதில் 'நீங்க' கிடையாது. பெண்பிள்ளைகள் தங்களுக்குள் பேசும்போது கடைசியில் 'டி' சேர்ப்பதைக் கவனித்து, பெண்களுக்கு அதுதான் மரியாதை போலும் என்றும் முடிவு செய்திருந்தார்.

"நீதானே பந்து வேணும்னு சொன்ன? ஒம் மக பாத்து எழுதுறா. நான் அன்னைக்கே சொன்னேன்டி" என்றார், மிகுந்த பணிவோடு.

மூக்காயிக்கு நாற்பத்தைந்து வயது. தோட்டத்துத் துரைகூட அவரை அப்படிப் பேசியதில்லை. நிரோஷாவின் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். மறுநாள் மூக்காயி குடியிருந்த லயத்து வரிசை வீடுகளிலிருந்து ஏழு பிள்ளைகள் பள்ளிக்கூடம் வரவில்லை. நிரோஷா புத்தகத்தை மடியில் வைத்து அழுதுகொண்டிருந்தாள். பரீட்சைக்கு மூன்று மாதம்தான் இருந்தது.

பிரேமலதா டீச்சர் லயத்துக்கே நடந்து போய் மூக்காயியிடம் பேசினார். கெவினிடமும் தனியாகக் கேட்டார். கூட்டத்தில் நடந்தது விளங்கிவிட்டது. மூன்றாம் நாள் எல்லோரையும் தன் அறைக்கு வரச்சொல்லி, ஏன் கிளாக்கர் இப்படிச் செய்தீர்கள் என்றார். ஏழுமலை, பேச்சைக் கொஞ்சம் மென்மையாக்கியது மட்டும்தான் தன் குற்றம் என்று ஆரம்பித்தார். மூக்காயியின் முகத்தைப் பார்த்ததும் அது பாதியில் நின்றது. "இந்தம்மா மனசு நோகக் கூடாதுன்னு நெனச்சேன்" என்றார்.

கெவின் காதுவரை சிவந்து உட்கார்ந்திருந்தார். 'டி' என்றால் என்னவென்று டீச்சர் விளக்கியிருந்தார். அவர் மூக்காயியின் பக்கம் திரும்பி, அந்த ஓர் எழுத்தை மட்டும் கவனமாகத் தவிர்த்து, தமிழிலேயே சொன்னார்: "கோவப்படாத. ஒம் புள்ளைக்கு நான் தெனமும் தனியா சொல்லித் தர்றேன். நீ அவள வீட்டுல வேலை வாங்காத."

'டி' போயிருந்தது; 'நீ' அப்படியே இருந்தது. ஏழுமலையால் எவ்வளவு நேரம்தான் தாங்க முடியும்?

"நீங்க கோவப்பட வேணாமாம்" என்று மெல்லத் தொடங்கினார். "ஒங்க புள்ளைக்கு அவரே தெனமும் தனியா சொல்லித் தர்றாராம். நீங்கதான் தயவு பண்ணி, அதுக்கு வீட்டு வேலைய கொஞ்சம் கொறைச்சுக் குடுக்கணுமாம்."

தமிழிலிருந்து தமிழுக்கு மொழிபெயர்த்த முதல் மனிதர் அவராகத்தான் இருக்கும்.

மூக்காயி இருவரையும் மாறிமாறிப் பார்த்தார். "அவரு சொன்னதே எனக்கு வெளங்கிருச்சுங்க" என்றார். "ஆனா நீங்க சொன்னாத்தான் கேக்க நல்லாருக்கு."

பந்து மறுபடியும் வெள்ளிக்கிழமைக்குப் போனது. நிரோஷா பரீட்சை எழுதினாள். பெறுபேறு வந்தபோது ஆங்கிலத்தில் சாதாரண சித்தி, மட்டுமட்டான பாஸ். கெவின் அதற்கு முன்பே ஊர் திரும்பிவிட்டார். பிரியாவிடைக் கூட்டத்தில் அவர் பேசிய நான்கு வசனங்களை ஏழுமலை கால் மணி நேரம் மொழிபெயர்த்தார். தான் இவ்வளவு நன்றாகப் பேசினோமா என்று கெவினே வியந்து கைதட்டினார்.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். போன தீபாவளிக்கு உங்கள் அம்மா வந்து தங்கட்டுமா என்று கேட்டதற்கு உங்கள் அண்ணி ஒரு பதில் சொன்னாரே, நினைவிருக்கிறதா? அதை அம்மாவிடம் நீங்கள் எப்படிச் சொன்னீர்கள்? "அண்ணி ஒங்கள ரொம்ப விசாரிச்சாங்க" என்றுதானே?