மாதா போத்தல்

“லூர்துக்கோ போயிட்டான்?” என்று மேரிசெலின் கேட்டபோது குருசுமுத்து பேசாமல் இருந்திருக்கலாம். அவருடைய வாய்க்கு அந்தப் பழக்கம் இல்லை.

“ஓம்,” என்றார்.

சில்க்போர்க்குக்குப் பக்கத்து ஹொஸ்பிஸில், ஏரியைப் பார்த்த அறையொன்றில், மேரிசெலினின் கணவர் அல்பேட் படுத்திருந்தார். இனிமேல் மருந்து இல்லை, நோகாமல் பார்த்துக்கொள்வோம் என்று டொக்டர்மார் கைவிட்ட உடம்பு. டானியல் ஏன் இன்னும் மாமாவைப் பார்க்க வரவில்லை என்றுதான் அவள் கேட்டாள். டானியல் குருசுமுத்துவின் ஒரே மகன். ஞானஸ்நானத்தில் அவனைக் கையில் ஏந்தி நின்ற ஞானத்தகப்பன் அல்பேட்.

அந்தப் பிள்ளை இப்போது பிரெஞ்சு மலையில், கூட்டாளிகளோடு பனியில் சறுக்கி விளையாடுகிறான் என்று எந்த முகத்தோடு சொல்வது? ‘பிரான்சுக்கு’ என்று மட்டும் இழுத்தார். மிச்சத்தை மேரிசெலின் நிரப்பிக்கொண்டாள். டென்மார்க்கில் இருக்கிற மன்னார்ச் சனத்துக்குப் பிரான்ஸ் என்றால் லூர்து மாதா கோவில்தான். மிச்ச நாடு அதைச் சுற்றிக் கட்டிய மதில்.

அல்பேட் கண்ணைத் திறந்து சிரித்தார். சிரிப்பு இருமலாக மாறி, அடங்குவதற்கு நேரம் எடுத்தது.

“பக்தியான பெடியன்,” என்றார். பிறகு முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பினார். வெளியே மாசி மாதத்து மழை. “இந்த வருசமும் ஸ்னோ இல்லை, முத்து.”

“நல்லதுதானே, மச்சான். கார் ஓடச் சுகம்.”

இருவரும் ஒரே மாரியில் டென்மார்க்குக்கு வந்து இறங்கியவர்கள். அகதி முகாம் முற்றத்தில் முதன்முதல் பனி கொட்டிய அன்று, அல்பேட் குசினியில் சீனி வாங்கி வந்து, பனியில் போட்டுக் குழைத்து, ஐஸ்பழம் ஓசியில் கொட்டுகிற நாடு என்று தின்னக் கொடுத்தார். அன்று குருசுமுத்துவுக்கு வயிறு கலங்கியது. அதன் பிறகு பனியை அவர் மண்வெட்டியால் மட்டுமே தொட்டார்.

பொய் அறையோடு நின்றிருந்தால் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லித் தீர்த்திருப்பார். மேரிசெலின் கோவில் பாடகர் குழுவில் இருப்பவள். பின்னேரமே அந்தக் குழுவின் மாக்கிரட் அழைத்து, மகளின் கல்யாணம் சரிவர மாதாவுக்கு ஒரு மெழுகுதிரி கொளுத்தச் சொன்னாள். அடுத்தடுத்து ஆட்கள் நோய் தீர்க்கிற லூர்து ஊற்றுத் தண்ணீர் கேட்டார்கள். பிராண்டேயில் காற்றாலை இறக்கை செய்யும் தொழிற்சாலையில் அவருக்குப் பக்கத்தில் நிற்கிற தவராஜா சைவக்காரன். அவனும் தன் முழங்காலுக்கு ஒரு சின்னப் போத்தல் சொன்னான். எந்தச் சாமியென்றாலும் நோ ஒன்றுதானே என்பது அவன் கட்சி.

நடுக்கிழமையில் டானியல் எடுத்துப் போட்ட படம் ஒன்று ஃபோனில் சுற்றியது. மலைச்சரிவில் இடுப்பளவு தூள்பனிக்குள் நின்று இரண்டு கையையும் விரித்திருந்தான். மாக்கிரட் அதைக் குருசுமுத்துவுக்கே அனுப்பி, இதென்ன கோலம் என்று கேட்டாள். தவக்காலம் தொடங்கிவிட்டதே, பனிக்குள்ளால் நடக்கிறதாக ஒரு நேர்த்தி என்றார் அவர். சொன்ன வேகத்தில் அவருக்கே கொஞ்சம் நம்பிக்கை வந்தது. ஞாயிறு பூசை முடிய டானியல் முன்னால் வந்து தன் யாத்திரையைப் பற்றிக் கதைப்பான் என்று மாக்கிரட் சுவாமியாரிடம் சொல்லிவிட்டாள்.

குருசுமுத்து கார் தரிப்பிடத்தில் நின்று மகனுக்கு அழைத்தார். லூர்துக்கு ஒரு ரயில் ஏறிப் போய்வர முடியுமா என்று கெஞ்சினார். அது நாட்டின் மற்றத் தொங்கலில் இருக்கிறது, போனால் திரும்புகிற பஸ்ஸைப் பிடிக்கமுடியாது என்று அவன் டேனிஷில் சொன்னான். பின்னால் ஒரே இரைச்சல். மேலே போகிற லிஃப்டுக்கு, ஊரில் மடு மாதா திருவிழாவுக்குப் போல, கூட்டமாம்.

“அதென்னடா அந்தப் படம்? புதைஞ்சுபோய் நிக்கிறாய்.”

கொடி நட்ட பாதைக்கு வெளியே போன இடம் அது என்றான். வழிகாட்டியோடுதான் போகிறார்களாம். பனி சரிந்து மூடினாலும் ஆளைத் தேடிப்பிடிக்க உடம்பில் ஒரு கருவி கட்டியிருக்கிறதாம். ஆறுதலுக்குத்தான் சொன்னான். தகப்பன் சிலுவை போட்டுக்கொண்டார்.

“பாதையிலை கிடக்கிற பனி உனக்குக் காணாதோ?”

“அது எல்லாரும் மிதிச்சது, அப்பா.” இதை மட்டும் தமிழில் சொன்னான்.

“இஞ்சை ஒரு மனுசன் சாகக் கிடக்கிறார். உனக்கு விளையாட்டு.”

டானியல் இரைச்சலிலிருந்து தள்ளிப் போனான். பிறகு, “மாமாவுக்கு நான் ஒண்டு கொண்டு வாறன். கவலைப்படாதேங்கோ,” என்றான்.

சனிக்கிழமை காலை வந்து இறங்கினான். முகம் வெயிலில் கறுத்து, கண்ணாடி போட்ட இடம் மட்டும் வெள்ளையாக இருந்தது. கையில் ஒரு ஐஸ் பெட்டி. அதை அப்படியே ஃபிரீசருக்குள் வைத்தான். தொடவேண்டாம், எழும்பினவுடன் நானே மாமாவிடம் கொண்டுபோகிறேன் என்று சொல்லிவிட்டுச் சோபாவில் விழுந்து உறங்கிப்போனான்.

அவன் குறட்டை தொடங்க மேரிசெலின் அழைத்தாள். “கெதியா வாங்கோ, அண்ணை. டானியல் வந்திட்டானோ, வந்திட்டானோ எண்டே கேட்டுக்கொண்டிருக்கிறார்.”

குருசுமுத்து மகனை எழுப்பக் கையை நீட்டி, பிறகு எடுத்துக்கொண்டார். பொய் சொல்லத் தெரியாத பிள்ளை. மேரிசெலின் லூர்தைப் பற்றி இரண்டு கேள்வி கேட்டால் முழுவதையும் கொட்டிவிடுவான். சாகிற மனுசனுக்கு அந்த உண்மை எதற்கு?

பெட்டியைத் திறந்தார். தண்ணீர் இல்லை. உள்ளே பிதுங்கப் பிதுங்க வெள்ளை வெளேரென்று பனி. அவ்வளவு பேச்சு வாங்கியும், தகப்பனின் மானத்தைக் காப்பாற்ற, போன இடத்தில் அகப்பட்டதைப் பிள்ளை அள்ளிக்கொண்டு வந்திருக்கிறான்.

நோயாளிக்குப் பச்சைப் பனி கூடாது. முகாமில் வயிறு கலங்கியது அவருக்கு நல்ல நினைவு. எல்லாவற்றையும் சட்டியில் கொட்டி நன்றாகக் கொதிக்கவைத்தார். துணியில் வடித்தார். மனைவி மரியநாயகி முந்தி லூர்திலிருந்து கொண்டுவந்த, மாதாவின் உருவில் செய்த நீல மூடிப் போத்தலில் ஊற்றினார். ஒரு பெட்டிப் பனி மாதாவின் இடுப்பு வரைதான் வந்தது. மிச்சத்துக்குப் பிராண்டேக் குழாய்த் தண்ணீர்.

ஹொஸ்பிஸில் அல்பேட் இன்னும் சுருங்கிப்போயிருந்தார். கண் மட்டும் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தது.

“பெடியன் வரேல்லையோ?”

“களைச்சுப்போய்ப் படுத்திட்டான், மச்சான். இதைத் தந்துவிட்டவன். லூர்துத் தண்ணி.”

அல்பேட் போத்தலைப் பார்த்தார். அதன் அடியைத் தொட்டுப் பார்த்தார். வெதுவெதுப்பாக இருந்தது. பிறகு குருசுமுத்துவின் முகத்தை வெகுநேரம் பார்த்தார். கோபமா, சிரிப்பா என்று விளங்கவில்லை.

“காய்ச்சினியோ?”

“சுகாதாரத்துக்கு,” என்றார் குருசுமுத்து. ஆசீர்வதித்த தண்ணீரை யார் காய்ச்சுவார்கள் என்பது சொன்ன பிறகுதான் உறைத்தது.

அல்பேட் வாயைத் திறந்தார். குருசுமுத்து பருக்க, இரண்டு மிடறு குடித்தார்.

“நல்லாயிருக்கு, முத்து,” என்று சொல்லி அவருடைய கையைப் பிடித்துக்கொண்டார். பின்னேரம் அந்தக் கை விட்டுப்போனது.

மேரிசெலின் செபமாலையோடு கட்டிலடியில் இருந்து அழுதாள். குருசுமுத்து நடைபாதைக்கு வந்து சுவரில் சாய்ந்து நின்றார். துக்கத்துக்குள்ளும் அவருக்கு ஒரு சின்ன நிம்மதி இருந்தது. உண்மை தெரியாமலே மனுசன் சந்தோஷமாகப் போய்விட்டார்.

அப்போது பியா என்ற டேனிஷ் தாதி வந்தாள். அவள் கையில் குளிரில் விறைத்த ஒரு கண்ணாடிக் கிண்ணம். அடியில் கொஞ்சம் சீனி, அதற்குள் இரண்டு கரண்டிகள்.

“ஒருத்தரும் மிதிக்காத பனி எடுத்துவர ஞானமகனை அனுப்பியிருக்கிறன், வந்தவுடனை முத்துவோடை இருந்து தின்னவேணும் எண்டு சொல்லி, ஒரு கிழமையா இதை ஃபிரீசருக்குள்ளை வைப்பிச்சவர் அல்பேட்,” என்று டேனிஷில் சொன்னாள். “பெடியன் இன்னும் வந்து சேரேல்லையோ?”