ஹவுஸ், கராஜ்: ஒரு பெயர்க்காரணக் கூட்டம்

வருகை தந்தோர்: சபா செயலாளர் கோதண்டபாணி, சொல்லாராய்ச்சி வல்லுநரான ஓய்வுபெற்ற பேராசிரியர் கருணாகரன், ஒரு தட்டு முந்திரிப் பக்கோடா, மனுதாரர் சரண்யா, பெரும்பாக்கம்.

உலக இசை வரலாற்றில் இவ்வளவு நியாயமான கூட்டம் நடந்ததே இல்லை. எலெக்ட்ரானிக் இசை என்றதுமே பதினொரு அரங்குகள் சரண்யாவை விரட்டியிருந்தன. மயிலாப்பூரின் இந்தச் சபா ஒன்றுதான் உட்காரச் சொல்லி, அந்த இசைவகைகளுக்கு ஏன் அந்தப் பெயர்கள் என்று விசாரித்தது.

அவள் கேட்டது ஞாயிறு மதியம் மூன்று மணி நேரத்துக்கு அரங்கம். அடையாற்றங்கரைக் குடிசைகளிலிருந்து நகருக்கு வெளியே பெரும்பாக்கத்துக்கு அள்ளிக் கொட்டப்பட்ட அவள் தெருக்காரர்கள் ஊருக்குள் ஒருமுறை ஆட வேண்டும். அவ்வளவுதான்.

"மனுவுல ஹவுஸ்னு போட்டிருக்கே. குடும்பப் பாங்கா இருக்கும் போலிருக்கு" என்று கோதண்டபாணி மகிழ்ந்தார்.

"இல்ல சார். சிகாகோல வேர்ஹவுஸ்னு ஒரு கிளப்பு. குடோன் மாரி. அதுல போட்ட பாட்டு, பாதிப் பேர வெட்டிட்டு ஹவுஸ்னு ஆயிடுச்சு."

"கராஜ்?" பேராசிரியர் பேனாவைத் திறந்தார்.

"நியூயார்க்ல கார் வுடுற எடம் சார். அதயே கிளப்பாக்கிட்டாங்கோ."

"ஏம்மா, அந்த ஊர்ல நல்ல ஹாலே இல்லையா?"

"கீது சார். இத ஆடுன கறுப்பு ஜனங்கள உள்ள வுடல."

பேராசிரியர் எழுந்து நின்றார். "அரிய கண்டுபிடிப்பு! இடம் கிடைக்காததால்தான் இந்த இசைக்குப் பெயரே கிடைத்திருக்கிறது."

"அப்போ நாம ஏசி ஹாலைக் குடுத்தா பாரம்பரியமே கெட்டுடுமே!" என்று கோதண்டபாணி பதறினார். "மனுதாரரின் கலைத் தூய்மையைக் காக்கும் பொருட்டு" அரங்கம் மறுக்கப்படுவதாக ஒருமனதாகத் தீர்மானம் நிறைவேறியது. பக்கோடா நடுநிலை வகித்தது.

"இன்னா சார் இது! எங்காளுங்க வேன் சொல்லி வெச்சினு கீறாங்கோ. சரி, பின்னால ஸ்கூட்டர் ஷெட்டு கீதே, அதயாச்சும் குடு. கராஜ்தானே?"

"அது மெம்பர்ஸ் வண்டிக்கு" என்றார் கோதண்டபாணி.

சரண்யா பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். வாசற்படியில் நின்று கேட்டாள்: "அப்ப நாங்க எங்க சார் ஆடுறது?"

"எங்க ஆடறேளோ, அந்த எடத்துப் பேரையே பாட்டுக்கு வெச்சுடுங்கோ. பெயர்க்காரணம் எழுதறப்ப சபாவையும் ஒரு வரி சேத்துக்கோம்மா."

"கண்டிப்பா சார். யாரு தொரத்துனாங்கன்னு எழுதாம பெயர்க்காரணம் எப்டி முடியும்?"

வரலாற்றில் இடம்பிடித்த பூரிப்போடு கோதண்டபாணி அவள் முதுகுக்குப் பின்னால் கதவைச் சாத்தி, இரண்டு பூட்டுகளையும் போட்டார்.