குப்புற விழுந்த குடும்பம்

பிரபாகரன் சொன்னது ஒரே ஒரு பொய்தான். அதற்குப் போய் போடிமெட்டிலிருந்து ஒரு ஜீப்பு நிறைய சொந்தக்காரர்கள் இறங்கி வருவார்கள் என்று அவன் கண்டானா?

தனுஷ்கோடிக் கடலோரத்தில் உள்ளான் குருவிகள் வந்து இறங்கியிருந்தன. அலை பின்வாங்கினால் துரத்திக்கொண்டு ஓடும். அலை வந்தால் அலறியடித்துத் திரும்பும். அதில் ஒன்றையாவது கேமராவில் பிடித்துவிட வேண்டும் என்று அவனுக்கு நாலு வருஷ ஏக்கம். போடியில் ஏலக்காய் தரம் பிரிக்கிறவனுக்குக் கடல் ஏது? "குருவி பாக்கப் போறேன்" என்றால் பெண்டாட்டி தேவி விடுவாளா?

"அப்பாவுக்குத் திதி குடுக்கணும். ராமேஸ்வரம் போறேன்" என்றான்.

ராமேஸ்வரத்துக்கு எவன் ஒண்டியாகப் போனான்? தேவி உடனே ஆத்தாளுக்குப் போன் போட்டாள். ஏலக்காய் எஸ்டேட்டில் வேலை பார்க்கும் மாமியார் செல்லத்தாய், மாமனார் வீரணன், அங்கேயே வேலை பார்க்கும் சொந்தங்கள் இன்னும் ஒன்பது பேர், புளியோதரைச் சட்டியோடு வந்து சேர்ந்தார்கள்.

காலையில் தனுஷ்கோடி. எல்லாரும் முகம் கழுவுகிற சந்தடியில் பிரபாகரன் நழுவினான். ஈர மணலில் குப்புறப் படுத்து, தலையில் துண்டைப் போர்த்தி, நீள லென்சு மாட்டிய கேமராவை நீட்டினான். எட்டடி தூரத்தில் உள்ளான்கள்!

"என்ன மாப்ளே, இப்பிடி விழுந்து கெடக்கீக?" மாமியார் குரல்.

"அப்பாவுக்காகக் கடலக் கும்புடுறேன் அத்தே. அசையக் கூடாது, பேசக் கூடாது."

அவ்வளவுதான். தொப்பு தொப்பென்று தேவியோடு சேர்த்துப் பன்னிரண்டு பேரும் வரிசையாக விழுந்தார்கள். அத்தனை குருவியும் பறந்துபோச்சு.

போகிற வழியில் ஒரு டூரிஸ்ட் பஸ்சு நின்றது. 'இங்கே ஏதோ விசேஷம்போல' என்று அதிலிருந்தவர்களும் வந்து விழுந்தார்கள்.

ஊரே பேச்சுமூச்சில்லாமல் கிடக்க, குருவிகளுக்குத் தைரியம் வந்தது. ஒன்று ஒய்யாரமாக நடந்து வந்து வீரணன் முதுகிலேயே ஏறி நின்றது. ஐயையோ! இத்தனை கிட்டத்தில் அந்த நீள லென்சில் எல்லாம் மங்கலாகத் தெரிந்தது.

பிரபாகரன் மெல்ல ஊர்ந்து பின்னால் போனான். அதுவும் சடங்கு என்று நினைத்து அத்தனை பேரும் ஊர்ந்து பின்னால் போனார்கள். வீரணன் முதுகு குலுங்க, குருவி விர்ரென்று போயே போச்சு.

அவனுக்கு அழுகை முட்டியது. எழுந்து உட்கார்ந்தான்.

"அத்தே, மன்னிச்சிருங்க. திதியும் இல்ல, ஒண்ணும் இல்ல. குருவியப் படம் எடுக்கத்தான் பொய் சொன்னேன்."

செல்லத்தாய் தலையைத் தூக்கவே இல்லை.

"மெதுவாப் பேசுங்க மாப்ளே, குருவி திரும்பி வருது. உங்கப்பா திதி ஆவணியிலயே முடிஞ்சது எங்களுக்குத் தெரியாதாக்கும்? கடலப் பாக்கணும்னு கேட்டா எஸ்டேட்ல லீவு குடுப்பாகளா? நாங்க பதினோரு பேருமே அவரு பேரச் சொல்லித்தான் வந்திருக்கோம்!"