டிரிப்பு சார் விடவில்லை

எங்கள் தெருவில் டிரிப்பு சார் அணைத்த அளவுக்கு விளக்குகளை எந்தப் புயலும் அணைத்ததில்லை. கல்யாணப் பத்திரிகை கொடுக்க வந்தாலும் மனுஷர் உட்கார மாட்டார். நேரே மெயின் போர்டுக்குப் போவார். கரண்ட் கசிந்தால் தானே நிறுத்திவிடும் டிரிப்பர் இருக்கிறதே, அதன் டெஸ்ட் பட்டனை அமுக்குவார். வீடே அணையும். "விழுவுதுங்க, நல்லாயிருக்கு" என்று சொல்லிவிட்டுத்தான் காபி கேட்பார்.

கிரிக்கெட் மேட்சின் கடைசி ஓவரில் அமுக்கி என் மாமனாரின் ஜென்மப் பகையைச் சம்பாதித்தார். எதிர்வீட்டில் ஒருநாள் அமுக்கியும் விளக்கு அணையவில்லை. சாருக்கு முகம் வெளுத்துவிட்டது. புது டிரிப்பர் மாட்டும்வரை நாற்காலி போட்டு உட்கார்ந்து, மோட்டார் போடவே விடவில்லை. குளிக்காமல் ஆபீஸ் போன வீட்டுக்காரர் திட்டாத திட்டில்லை.

போன ஐப்பசி அடைமழையில் சார் தூக்கத்திலேயே போய்விட்டார். சிங்கப்பூரிலிருந்து மகள் வர மறுநாள் ஆகும். ஐஸ் பெட்டி வந்தது. சாரைக் கிடத்திப் பிளக்கைச் செருகியதும் வீடே அணைந்தது. டிரிப்பரைத் தூக்கிவிட்டாலும் மறுபடி விழுந்தது. படுத்துக்கொண்டும் விடமாட்டேன் என்கிறாரே என்று எனக்கு அழுகையோடு சிரிப்பும் வந்து தொலைத்தது.

அவர் மச்சான் பெட்டிக்காரரிடம் பொறுமையிழந்தார். "டிரிப்பரை விட்டுட்டு நேரா லைன் கொடுங்க. பொண்ணு வந்து முகம் பார்க்க வேணாமா?"

சாரின் மனைவி நிமிர்ந்தார். "வேணாங்க. காரணம் இல்லாம அது விழாதும்பாரு."

சார் சோதிப்பதை எரிச்சலோடு பார்த்துப் பார்த்தே எனக்கு மனப்பாடம். எல்லோரையும் தள்ளி நிற்கச் சொல்லி, எல்லாப் பிளக்கையும் பிடுங்கிவிட்டு டிரிப்பரைத் தூக்கினேன். நின்றது. ஃபிரிட்ஜ், மிக்சி, மோட்டார் என்று ஒவ்வொன்றாகப் போட்டேன். நின்றது. ஐஸ் பெட்டியைச் செருகினேன். விழுந்தது.

பெட்டிக்காரர் குனிந்து பார்த்தார். ஒயர் தேய்ந்து, உள்கம்பி பெட்டியின் இரும்பு விளிம்பைத் தொட்டுக்கொண்டிருந்தது. மழை ஈரத்தில் வெறுங்காலோடு, அந்த விளிம்பைக் கட்டிக்கொண்டுதான் நாங்கள் அத்தனை பேரும் அழுதுகொண்டிருந்தோம். சாரின் மனைவியும்தான்.

வேறு பெட்டி வந்தது. மகள் வந்து முகம் பார்த்தாள்.

அப்புறம் தெருவில் யார் வீட்டிலும் விளக்கு சும்மா அணைவதில்லை. அது என்னவோ போலிருக்கிறது. நேற்று கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்த மாமனார் பாதியில் எழுந்து மெயின் போர்டுக்குப் போனார். வீடு அணைந்தது.

"விழுவுதும்மா, நல்லாயிருக்கு" என்றார். டிரிப்பரை உடனே தூக்கிவிடாமல் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றார்.